வேளைக்கு முப்பது

கிளாக்ஸ்விக் துறைமுகம், மீன் ஆலை.
எட்டு மணி நேரம் சால்மன் துண்டுகளை எடைபோடுகிறேன்.
நூற்றைம்பதுக்கு மேல் ஒரு கிராம் ஏறினாலும்
தராசு சிவக்கும்.
கத்தி நுனியால் கிள்ளி எறிவேன்.

மாலையில் துடுப்பு. ஆறு பேர் படகு,
நான்காவது பலகை எனக்கு.
பயிற்சியாளர் த்ரோந்துர் சொல்லிவிட்டார்:
புரதத்தை ராத்திரிக்கென்று மூட்டை கட்டாதே,
வேளைக்கு முப்பது கிராம், நாலு வேளை.
தசை ஒன்றும் கிட்டங்கி இல்லை.

ஆகவே காலையில் ஐந்து முட்டை.
நாலாவதில் தொண்டை பேரம் பேசத் தொடங்கும்.
பத்தரைக்குக் கெட்டித் தயிர்,
கரண்டியை நட்டால் நிற்கும்.
மதியம், நான் வெட்டிய அதே மீன்.
கைப்பழக்கம், தட்டைத் தராசில் வைத்தேன்.
பச்சை விளக்கு எரிந்தது,
பசி அணைந்தது.

நேற்று முன்பலகை மார்னா
ஐந்து மாதக் குழந்தையோடு படகுத்துறைக்கு வந்தாள்.
காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பால் கொடுத்தாள்.
எத்தனை கிராம் என்று த்ரோந்துர்கூடக் கேட்கவில்லை.
போதும் என்றானதும் அது
முகத்தைத் திருப்பிக்கொண்டது, அவ்வளவுதான்.
பிறந்த எடையில் இரண்டு மடங்காம் இப்போது.
ஆறு பேரில்
இவ்வளவு வேகமாக வளர்ந்தவர் எவருமில்லை.

இன்றிரவு காற்றில் உலர்ந்த ஆட்டிறைச்சி.
எடை பார்க்காமல் அறுத்தேன், தின்றேன்,
நன்றாகத்தான் இருந்தது.
பிறகு மனசு கேட்காமல் கணக்குப் போட்டேன்:
இருபத்தெட்டு.

இரண்டு கிராமுக்காக
குளிர்பெட்டியைத் திறந்துவைத்து
அந்த வெளிச்சத்தில்
நின்றுகொண்டிருக்கிறேன்.