காலி என்று முள் சொன்ன பிறகு

பென்ரின் துறையில் நீர் வற்றிச் சேறு தெரியும் வேளை
ட்ரெய்லரில் ஏறி வந்தது பச்சைக் கார்.
அறுபத்து மூன்றாம் ஆண்டுப் பிறப்பு. இரண்டே இருக்கை.
பெட்ரோல் வாடை அதற்கு முன்பே
பட்டறைக்குள் வந்துவிட்டிருந்தது.

டாங்கியைக் கழற்றிக் குலுக்கினேன்.
உள்ளே துருச் செதில்கள்
உண்டியல் சில்லறையாய்க் கலகலத்தன.
அடித்தகட்டை உப்புக்காற்று தின்று தீர்த்திருந்தது.
"ஒட்டுப் போட முடியாதா?" என்றாள் லொவென்னா.
ஒட்டுப் போட ஓட்டைக்கு ஓரம் வேண்டும்.
இதில் ஓரமே இல்லை என்றேன்.

முதலில் கணினியில் வரைந்தேன்.
இடமும் வலமும் ஒன்றுக்கொன்று பிம்பம்,
நாற்பத்தொரு லிட்டர், குறுக்கே இரண்டு தடுப்பு,
வளைவில் எண்ணெய் ஒருபக்கம் ஓடிப்போய்
பம்பு காற்றைக் குடித்து இருமாதிருக்க.
திரையில் அழகாய்த்தான் இருந்தது.
அட்டையில் வெட்டி உள்ளே வைத்தால்
இடது மூலை இடித்தது.

அளந்தேன். காப்பி குடித்துவிட்டு மறுபடி அளந்தேன்.
ஒன்பது மில்லிமீட்டர்.
கார் பிறவிக் கோணல்.
அன்று எவனோ ஒருவன்
சாப்பாட்டு மணி அடிக்கிற நேரத்தில்
தகட்டை முழங்காலால் நெருக்கி
"போதும்" என்று பற்றவைத்திருக்கிறான்.
அந்தப் போதும்மேல்தான்
என் டாங்கி உட்கார வேண்டும்.

கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டிகள் ஐந்து, ஒட்டுநாடா,
பல்லில் கவ்விய பென்சில்.
மூன்று நாள் மல்லாந்து படுத்து
இடுக்குகளிடம் பேரம் பேசினேன்.
அச்சு, நான் குதிப்பேன், இவ்வளவு விடு என்றது.
புகைக்குழாய் ஒரு சாண் தள்ளி நில் என்றது.
உதிரிச் சக்கரம் பேச்சுக்கே வரவில்லை.
மிச்சம் கிடைத்தது முப்பத்தாறரை லிட்டர்.

லொவென்னா துறைமுகப் பைலட் படகு ஓட்டுபவள்.
அடியில் எவ்வளவு ஆழம் என்று
கேட்டுக் கேட்டே பழகியவள்.
"மிதவையை எப்படி வைப்பாய்?" என்றாள்.
பழையதில் முள் காலியைத் தொட்டபிறகும்
பதினோரு மைல் ஓடும்,
அப்படியே கம்பியை வளைத்துவிடுகிறேன்,
எல்லோரும் கேட்பது அதைத்தான் என்றேன்.

வேண்டாம் என்றாள்.

"டென்சில் சொல்லுவான்:
காலி என்றால் காலி இல்லை, பதினோரு மைல் பாக்கி.
வங்கிக் கணக்குக்கும் அதையே சொன்னான்.
வாடகைக்கும். ஈரலுக்கும்.
போட்மின் கரம்பில் ஒருநாள் ராத்திரி
பன்னிரண்டாவது மைல் வந்தது.
மழை. கூரைத்துணி என் தோள்மேல் ஒழுகியது.
மேய்ச்சல் குதிரைகள் வந்து கண்ணாடியை முகர்ந்துவிட்டுப் போயின.
விடியும்வரை அவன் தூங்கினான்.
நான் கணக்குப் போட்டேன்.
காரை மட்டும் எடுத்துக்கொண்டேன்.
காலி என்றால் காலியாக இருக்கட்டும், ஜோரி."

அலுமினியம் வளைந்து கொடுத்தது, ஒரு மடிப்பில் வெடித்தது,
அதை எறிந்துவிட்டு வேறு வெட்டினேன்.
பற்றவைத்துக் காற்றடைத்துச் சோப்புநீர் பூசினால்
கழுத்தடியில் ஒரே ஒரு குமிழ்,
கடுகளவு,
ஊதிப் பெருத்து என்னைப் பார்த்தது.
சுரண்டி மறுபடி பற்றவைத்தேன்.

பிறகு லிட்டர் லிட்டராய்த் தண்ணீர்.
மிதவைக் கம்பியைப் பதினேழு தடவை வளைத்திருப்பேன்.
கடைசியில்
குழாய் காற்றை உறிஞ்சிய அதே நொடியில்
முள் காலியில் படிந்தது.
ஒரு மைல் பொய் இல்லை.

வரைபடத்தைக் கையெழுத்துக்கு நீட்டினேன்.
ஈரக்கையால் வாங்கி வரிவரியாய்ப் படித்தவள்
மூலையில் விரல் வைத்தாள்.
எடுக்க முடியாதது: 0.6 லிட்டர்.
"இது என்ன?"

குழாய் அடிவரை எட்டக்கூடாது.
கசடும் தண்ணீரும் படிய ஓர் இடம் வேண்டும்.
எல்லா டாங்கியிலும் உண்டு.
வண்டிக்கு அது உதவாது என்றேன்.

வெளியே ஏற்றம் தொடங்கி
படகுகள் ஒவ்வொன்றாய்ச் சேற்றைவிட்டு நிமிர்ந்துகொண்டிருந்தன.
அவள் கொஞ்ச நேரம் அந்தப் புள்ளியையே பார்த்தாள்.
"சரி. அது கிடக்கட்டும்," என்று கையெழுத்திட்டாள்.
"ஆனால் முள்ளுக்குச் சொல்லாதே."