இலையை எடுப்பது யார்

பெட்டியோடு வந்தவை மூன்று:
ஒரு உணரி, ஒரு யூஎஸ்பி வயர்,
சீ மொழியில் எழுதிப் பூட்டிய ஒரு டிஎல்எல்.
கூடவே ஒரு தலைப்புக் கோப்பு, பதினொரு வரி.
விளக்கம் கேட்டு விற்றவனுக்கு மெயில் போட்டு
இன்றைக்குப் பத்தொன்பது நாள்.

திருநெல்வேலி. ஆய்வுகூடத்து மேல்மாடி.
கீழே பலாலி வீதியில் மினிபஸ்காரன்
உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் என்று கூவுகிறான்.
மேசையில் இருபத்தாறு போத்தல் கிணற்றுத் தண்ணி.
றெஜினோல்ட் அடுக்கியது.
ஒவ்வொன்றிலும் அவனது கோணல் எழுத்தில்
ஒரு ஒழுங்கையின் பெயர்.

என் நிரல் எழுத்து அல்ல, படம்.
இடமிருந்து வலமாக ஓடும் வயர்கள்:
முழு எண்ணுக்கு நீலம், தசமத்துக்குச் செம்மஞ்சள்,
சொல்லுக்கு ரோஸ்.
நடுவில் ஒரு மஞ்சள் பெட்டி.
அதற்குள்தான் சீ மொழிக்காரன் இருக்கிறான்
கதவைச் சாத்திக்கொண்டு.

முதல் தட்டலில் திரை முழுதும் மறைந்தது.
பிழை என்றுகூடச் சொல்லவில்லை.
சேமிக்காத ஒரு மணி நேரமும் அதோடு.

இரண்டாம் நாள் விளங்கியது:
பெயரைச் சொல் என்று கேட்டால் உணரி சொல்லும்,
ஆனால் ஊற்ற ஏனம் நான் கொண்டுபோக வேண்டும்.
மண்ணெண்ணெய்க் கடைக்கு
வெறுங்கையோடு போய் நின்றிருக்கிறேன்.
அவனும் ஊற்றியிருக்கிறான்,
பக்கத்து வீட்டு அரிசி மூட்டைக்குள்.
வீடு எரிந்தது அப்போதல்ல.
பத்து நிமிடம் கழித்து,
நான் வேறெதையோ தொட்டபோது.

அறுபத்துநான்கு எழுத்துக்கு இடம் ஒதுக்கினேன்.
இம்முறை அது பேசியது:
*அனுமதியற்ற பிரதேசம். அணுகல் மீறல்.*
தோளுக்குப் பின்னால் நின்று வாசித்த றெஜினோல்ட் சிரித்தான்.
"இந்தப் பலகை எங்கட ஊரிலயும் நிண்டது, மிஸ்."
பிறப்புச் சான்றிதழில் மயிலிட்டி,
இருப்பது பாஷையூர்.
முகவரி சரி.
அந்த முகவரியில் என்ன இருக்கிறது என்பது
வேறு கேள்வி.
நான் சிரிக்கவில்லை; சுட்டியைத் தேடினேன்.
எண்ணின் முகவரி கேட்ட இடத்தில்
எண்ணையே கொடுத்திருந்தேன்.

அதைத் திருத்தியும் விழுந்தது.
மூன்று அழைப்பு நன்றாக ஓடும், நான்காவதில் விழும்.
இரவு ஒன்பதரை. காவலாளி இருமிக் காட்டினான்.
பதினொரு வரியில் ஏழாவதை அப்போதுதான் படித்தேன்,
பெயருக்கு முன்னால் ஒட்டிக்கிடந்த
பெரிய எழுத்துச் சொல் ஒன்றை.

அழைப்பு என்கிறோம் இதையும்.
அழைத்து, இலை போட்டு, படைத்து,
சாப்பிட்டு முடிந்தபின்
இலையை எடுப்பது யார்?
சில வீட்டில் அழைத்தவர்.
சில வீட்டில் உண்டவரே மடித்து எடுத்துப்போவார்.
இரண்டும் மரியாதைதான், முன்பே பேசி வைத்திருந்தால்.
இந்த விருந்தாளி தன் இலையைத் தானே எடுக்கிறவன்.
நான் தெரியாமல்
அவன் போனபிறகு இன்னொரு இலையை எடுத்திருக்கிறேன்,
யாரோ இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்த இலையை.

ஒரே ஒரு தெரிவு. கீழிறங்கு பட்டியலில் இரண்டாவது.
மாற்றினேன்.

செம்மஞ்சள் வயரின் முனையில்
இரண்டு தசம் மூன்று ஒன்று.
நான்காவது அழைப்பு. நாற்பதாவது.
நானூறாவதுக்கு மேல் எண்ணவில்லை.
காலையில் றெஜினோல்ட் கேட்டான், "சரியோ?"
"எண் சரி" என்றேன்.
அவன் போத்தலில் இருந்த ஒழுங்கைப் பெயரைப் பார்த்தான்.
பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

மத்தியானம் விற்றவனின் பதில் வந்தது:
எங்கள் பக்கத்தில் பிரச்சினை இல்லை.

மஞ்சள் பெட்டிக்குப் பக்கத்தில்
ஒரு குறிப்பு ஒட்டியிருக்கிறேன்,
எனக்குப் பின் இந்த வரைபடத்தைத் திறக்கிறவருக்கு:
*ஏனம் கொண்டு போகவும்.
இலையைத் தொட வேண்டாம்.*
விளங்காவிட்டால் கேட்கட்டும்.

இன்னும் இருபத்தைந்து போத்தல்.