துருசுத் திறப்பு

டிப்பரை ஒட்டுசுட்டானில் முதலாளியின் வளவுக்குள் விட்டு
சைக்கிளில் இடதுகரைக்கு வந்துசேரப் பத்தே முக்கால்.
படலைக் கொழுக்கிச் சத்தத்துக்கு
நாய் எழும்பும், சுகந்தினி எழும்புவாள்,
ஓவியன் எழும்பமாட்டான்.

நாலு வயதும் இரண்டு மாதமும்.
பகலில் அவன் பெரிய ஆள்.
முன்பள்ளியில் கையை உயர்த்திக் கேட்டு
தானே போய், தானே தண்ணி ஊற்றி,
களிசானை முன்பின்னாகப் போட்டுக்கொண்டு வருவான்.
இரவில்தான் குளம் வான் பாயும்.

'அப்பிடிச் சொல்லாதேங்கோ.
விடிய அவன்ர முகத்தைப் பார்த்தனீங்களே?'
பார்த்ததில்லை.
நாலு மணிக்கு நான் மண் ஏற்றப் போய்விடுவேன்.
ஈர விரிப்பைத் தானே சுருட்டி
கோழிக்கூட்டுக்குப் பின்னால் அவன் ஒளித்ததை
அவள் சொல்லித்தான் அறிந்தேன்.
அன்றோடு வான் பாய்வது நின்றது,
என் வாயில் மட்டும்.

மெத்தைக்கு மேல் ஒரு தறப்பாள் துண்டு.
முகாமில் தந்தது. நீல எழுத்துப் பாதி அழிந்துவிட்டது.
ஆறு பேருக்குக் கூரையாய்க் கிடந்தது
இப்போது ஒரு பொடியனின்
ஒரு கோப்பைச் சலத்தை மறிக்கிறது.
இதைவிட நல்ல வேலை அதற்கு வாய்க்கவில்லை.

அதற்குக் கீழே படுத்து நானும் நனைத்திருக்கிறேன்,
பதின்மூன்று வயதில்.
பக்கத்துக் கூடாரத்துக்கும் கேட்கிற மாதிரி
'இஞ்ச மழை ஒழுகுது' என்று அம்மா சொன்னா.
அது வைகாசி. வானத்தில் ஒரு பொட்டு முகில் இல்லை.

கிளினிக்கில் மிட்வைவ் அக்கா சிரித்தாவாம்.
ஏழு மணிக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம்,
படுக்க முன்னம் ஒருக்கா விடட்டும்,
ஏச்சு ஒருநாளும் வேண்டாம்.
நடுச்சாமத்தில் எழுப்பலாமோ?
'எழுப்புங்கோ. மெத்தை காயும்.
பிள்ளை பழகிறது தன்ர நேரத்துக்குத்தான்.'

மெத்தை காய வைக்கிற உத்தியோகம் எனக்கு.
நித்திரைப் பிள்ளைக்கு அரைச் சாக்கு நெல்லின் கனம்.
ரோச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
வேலியோரம் கொண்டுபோய் நிறுத்துவேன்.
காட்டுப் பக்கம் யானை வெடி கேட்கும்.
என் முழங்காலில் தலையைச் சாய்த்து
நின்றபடியே தூங்குவான்.
'சூ' என்பேன்.
ஒன்றுமில்லை.
இன்னும் ஒருக்கா 'சூ.'
பிறகு, காய்ந்த மண் கருக்கிற சத்தம்.
சில நாள் என் செருப்பும் நனையும்.
சில நாள் கண் திறவாமல் கேட்பான்:
'அப்பா, இண்டைக்கு எத்தினை லோட்?'
'மூண்டு.'
'காணும்' என்பான், முதலாளியைப் போல.
திங்கள் தொடங்கிச் சனி வரைக்கும்
நானும் மகனும் கதைப்பது அவ்வளவுதான்.

ஆவணியில் ஒருநாள்
விசுவமடுவில் ரயர் வெடித்து
வீட்டுக்கு வர ஒன்றரை.
உடுப்பு மாற்றாமல் போய்க் கையை வைத்துப் பார்த்தேன்.
காய்ந்திருந்தது.
அவள் எழுப்பவில்லையாம்.
அடுத்த நாளும் காய்ந்திருந்தது.
அதற்கடுத்த நாள் நனைந்தது.
பிறகு ஒன்பது நாள் இல்லை.

'இனி எழுப்பாதேங்கோ, விடுங்கோ.'

குளத்துத் துருசுத் திறப்பை
ஓவசியர் இடுப்பில் கொழுவிக்கொண்டு திரிவார்,
ஒருவருக்கும் கொடுக்கமாட்டார்.
இந்தப் பொடியன்
எப்போது வாங்கினான், யாரிடம் வாங்கினான்?
நித்திரையிலேயே வைத்திருக்கிறான்.

சந்தோசம்தான். சவுக்காரமும் மிச்சம்.
ஆனால் பத்தே முக்காலுக்கு
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்
வேலியோரம் நானே போய் நின்றேன்.
ரோச் பல்லில்.
எத்தினை லோட் என்று ஒருவரும் கேட்கவில்லை.

உள்ளே வந்து, குனிந்து,
அவன் காதுக்குள் சொன்னேன்:
'நாலு.'

புரண்டு படுத்தான்.
தறப்பாள் சரசரத்தது.