விலக்கு

பாளையங்கோட்டை, நுகர்வோர் ஆணையம்.
மின்விசிறி சுற்றுகிறது, காற்றைக் காணோம்.
விலக்கு வரை நடந்து முதல் பஸ் பிடித்த தவசிக்கனி
நகக்கண்ணில் பீடித்தூளோடு
என் பக்கத்தில் நிற்கிறாள்.

மகனுக்குக் காயம் பட்டால் ரத்தம் உறையாது.
பாலிசிக் கம்பெனி ஒரே வரியில் எழுதிவிட்டது:
மரபணுக் கோளாறு. விலக்கு எண் பதினேழு.

எதிர்த்தரப்பு வக்கீல் நல்ல மனுஷர்தான்,
மெதுவாகவே கேட்டார்:
இது உங்க அப்பா வழியா, அம்மா வழியா?
உங்க ஆட்கள்ல வேற யாருக்கும் உண்டா?

'எய்யா, இவனப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போனப்பவும்
இதத்தான கேட்டாவ.
டீக்கடையில தனி கிளாசு எடுக்குமுன்ன
எங்கப்பன்கிட்டயும்.'

தட்டச்சு நின்றது.
இதைப் பதியச் சொல்ல யாருமில்லை. நானும்தான்.

வராந்தாவில் அவளுக்கு அரசியல் சாசனம் சொன்னேன்.
எதை வைத்து ஒதுக்கக் கூடாது என்றால்,
சமயம், இனம், சாதி, பால், பிறந்த இடம்.
பீடி எண்ணுகிற விரல்களை ஒவ்வொன்றாய் மடக்கினாள்.
கை மூடிக்கொண்டது.
'அம்புட்டுதானா?'
அதுவும் சர்க்காருக்குத்தான், கம்பெனிக்கு இல்லை
என்பதை நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

வாய்தா அடுத்த மாதம் பதினாலு.
இன்னைக்கு ஆயிரம் பீடி போச்சு என்றபடி
படியிறங்கினாள்.

கீழே பையன்,
சுவரில் சாயாமல், கூட்டத்தில் உரசாமல்,
எதிலும் பட்டுவிடாமல் நிற்கிறான்.

'பாருங்க சார்,' சிரித்தாள்.
'அப்படியே எங்கப்பன் நிப்பு.'