பழைய மாட்டுக்கொட்டகையின் சாவி

கராமார்க் ஊர்ச்சபைத் தலைவர் ஸ்லாவிக் அவர்களுக்கு,
பால்வண்டி ஓட்டும் பெர்ச்சூஹி எழுதுவது.
பனி முழங்கால் வரை.
எழுத உட்கார்ந்தாலும் விரல்கள் இன்னும்
ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே வளைந்திருக்கின்றன.
பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டுப்பண்ணை போய் முப்பது வருடத்துக்கு மேல்.
அதன் மாட்டுக்கொட்டகை மட்டும்
போக இடமில்லாமல் ஊருக்கு வடக்கே நிற்கிறது,
நூற்றிருபது பசுக்களின் தொட்டிகளோடு,
பாதிக் கூரையோடு.
அதைக் கேட்கிறேன்.
முழுதும் வேண்டாம். கூரை உள்ள பாதி போதும்.

யாருக்கு என்று கேட்பீர்கள்.
உங்களுக்கே தெரியும்.

ஆகஸ்ட் முடிந்து ஏரிக்கரை விடுதிகளைப் பூட்டும் வாரத்தில்
யெரெவானிலிருந்து வந்த ஒரு கார்
பெட்ரோல் நிலையத்துக்கு அப்பால் நிற்கும்.
பின்கதவு திறக்கும். மூடும்.
கார் போய்விடும்.
கோடை முழுக்கக் குழந்தைகளோடு படமெடுத்துக்கொண்ட குட்டி
அந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் எழுந்து,
உட்கார்ந்து,
எழுந்து.
நான் ஐந்து மணிக்குப் போகிறேன், எட்டு மணிக்குத் திரும்புகிறேன்.
என் பால்வண்டிக்கும் அது எழுந்து நிற்கிறது.
இதை எந்தக் கணக்கில் எழுதுவது, தலைவரே?

நகரத்தார் மட்டுமா.
பதினோரு வருடம் ஓநாய்க்கு முன்னால் நின்ற காவல்நாயை
பல் போனதும் விட்டுவிட்டு
மந்தை மலையேறிப் போகிறது.
பெயர் சொல்லமாட்டேன்.
இந்த இடம் வரும்போது மனசேர் இருமுவார்.

உங்கள் பக்கமும் எனக்குத் தெரியும்.
ஷோகாகாத்தின் ஆறு கோழிகள் என் கண்முன்தான் போயின.
பள்ளிக்கூடப் பாதையில்
சிறுவன் மூஷேக்கின் கெண்டைக்காலில் ஏழு தையல்.
நாற்பது கிலோமீட்டர் என் வண்டியில்தான் போனான்,
பால்கேன்களுக்கு நடுவே, அழாமல்.
அவன் அம்மா என்னோடு பேசுவதில்லை.
பேச வேண்டுமென்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஆனால் வருடாவருடம் மார்ச்சில்
வாகார்ஷுக்குத் தோட்டாக் காசு கொடுக்கிறீர்களே,
குறைந்ததா?
பதிவேட்டைப் பாருங்கள்.
போன மார்ச்சில் பத்தொன்பது. அதற்கு முந்தைய மார்ச்சில் பதினேழு.
செப்டம்பரில் கார்கள் மறுபடி வருகின்றன.
பெட்டைகள் மறுபடி தானியக் கிடங்கடியில் ஈனுகின்றன.
ஓட்டை வாளியால் இறைத்துக்கொண்டிருக்கிறோம்.
வாளியில் இருப்பது தண்ணீரும் இல்லை.

மர்துனி கால்நடை மருத்துவர் லுசாபெர்
மாதம் ஒரு சனிக்கிழமை வருவதாகச் சொல்கிறார்.
கருத்தடை. வெறிநோய் ஊசி. காதில் மஞ்சள் வில்லை.
கூலி: பாலாடைக்கட்டி, டீசல்.
என் கட்டி, என் டீசல்.
ஊர் தர வேண்டியது ஒரு சாவி.

"மனுஷனுக்கே வழியில்லை, நாய்க்கு வீடா?"
கடைசி பெஞ்சிலிருந்து யாராவது கேட்பார்கள்.
உண்மை. மனுஷனுக்கும் வழியில்லை.
மருந்துக்கடை மூடி நான்கு வருடம்.
கொட்டகையைப் பூட்டிவைத்ததால்
அதில் யாருக்கு ஒரு மாத்திரை கிடைத்தது?

இதுவரை எழுதியது மனு.
இனி வாக்குமூலம்.

செவ்வாய் இரவு மைனஸ் இருபத்தாறு.
அணைந்த ரொட்டிச் சூளையின் வெளிச்சுவரோரம்
ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன.
பூட்டை உடைத்தது நான்தான்.
உள்ளே இப்போது ஒன்பது.
ஒன்றுக்கு ட்ராக்டர் என்று பெயர், குறட்டைக்காக.
வைத்தவன் மூஷேக்.
ஆம், அதே மூஷேக்.
அவன் அம்மாவுக்குத் தெரியாது.
சபையில் படிக்கும்போது இந்த நான்கு வரியை விட்டுவிடுங்கள்.

பிறகு இன்னொன்று.
நேற்று விடியலில் கொட்டகை வாசலில் ஒரு கோணி.
உள்ளே காய்ந்த லவாஷ் ரொட்டி, எலும்பு.
பனியில் தடம், இடது காலை இழுத்தபடி,
வாகார்ஷ் வீட்டுப் பக்கம் போகிறது.
ஊரில் காலை இழுத்து நடப்பவர் ஒருவர்தான்.
நான் எதுவும் கேட்கவில்லை.
நீங்களும் கேட்காதீர்கள்.

உடைந்த பூட்டின் விலையை
என் பால்பணத்தில் பிடித்துக்கொள்ளலாம்.
புதுப் பூட்டு மாட்டிவிட்டேன்.
சாவி இரண்டு.
ஒன்றை இந்த உறையில் வைத்திருக்கிறேன்.