பல்லி விழுந்த பலன்

லெட்சுமி எஸ்டேட் ரோட்டில்
மூணாறு பஜார் கண்ணுக்கு மறைகிற வளைவில்
வீட்டோடு ஒட்டிப் போட்ட தகர ஷெட் என்னுடையது.
ஒரு ஜீப் நிற்கலாம்,
அதன் கீழே ஒருவன் படுக்கலாம்.

தை பிறந்து நாலாம் நாள்.
புல்லில் உப்புத் தூவிய மாதிரி உறைபனி.
தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் கல்.
பதினாலாம் நம்பர் ஸ்பேனர்
விரலைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்கிறது.
சனிக்கிழமை டாப் ஸ்டேஷனுக்கு ஆறு பேர் சவாரி;
கிளட்ச் தட்டு இன்னும் சாக்கின்மேல் கிடக்கிறது.

"கரியைப் போடு மாப்ளே" என்றான் தேவசகாயம்.
பெயிண்ட் டப்பாவில் ஓட்டை குத்தி
வாட்டில் மரக் கரி நிரப்பிக் கொடுத்ததும் அவன்தான்.
ஷட்டரை இறக்கினேன்,
அடியில் சாக்கைத் திணித்தேன், ஊசிக் காற்றும் வராதபடி.
கதகதப்பு வந்தது.
கூடவே ஒரு சோம்பல்,
நெற்றிப்பொட்டில் சின்னதாய் ஒரு சுத்தியல்.

அப்போதுதான் விழுந்தது
பல்பைச் சுற்றியே குடியிருந்த பல்லி,
என் வலது தோளில்.

வலது தோள்: வெற்றி.
காலண்டர் அட்டையில் அப்படித்தான் போட்டிருக்கிறது.
சிரித்துக்கொண்டே தட்டிவிட்டேன்.
அது ஓடவில்லை.
மல்லாந்து கிடந்தது,
வெளுத்த வயிறு அசையாமல்.

செத்து விழுந்த பல்லிக்கு
அட்டையில் கட்டம் கிடையாது.
யோசித்தேன், யோசனை வழுக்கியது.
முட்டி போட்டேன், முட்டி என்னுடையதாக இல்லை.
ஷட்டரைத் தூக்கியது நானா செசிலியா,
இன்றுவரை வழக்கு.
பனியில் கவிழ்ந்து நான் வாந்தியெடுத்தது மட்டும்
இரு தரப்பும் ஒப்புக்கொண்டது.

மறுநாள் கடையில்
கம்பி சிவக்கிற ஹீட்டரைக் கையில் கொடுத்தார்கள்.
விலை மலிவு, பார்க்கவும் அழகு.
கூட வந்த வயர்மேன் பினோய் பிடுங்கி வைத்தான்.
"பெட்ரோள் ஆவி தாழெ கிடக்கும் சேட்டா,
பாம்பினெப் போலே."
படுத்தே பிழைக்கிறவன் நான்;
அதுவும் படுத்தேதான் இருக்குமாம், என் பக்கத்தில்,
ஒரு சிவப்புக் கம்பிக்காகக் காத்துக்கொண்டு.
கேஸில் எரிவது? அதுவும் மூச்சைப் பங்கு கேட்கும்.
காற்று ஊதுவது? ஈரப் பெயிண்டில் புழுதி அப்பும்.

மூலையில் ஒன்று நின்றிருந்தது,
விலா எலும்பு தெரிய, சவலை எருமைக்கன்று மாதிரி.
உள்ளே எண்ணெயாம்.
"எத்தனை நாளைக்கு வரும்?"
"எரிஞ்சாத்தானே தீரும்."
ஏழாயிரத்துச் சொச்சம்.
மூன்று டாப் ஸ்டேஷன்.

பினோய் தடித்த வயர் தனியாக இழுத்தான்,
எர்த்துக்குக் குழி தோண்டச் சொன்னான், தோண்டினேன்.
எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தூக்கிக் கோழிக்கூட்டுக்கு அப்பால் எறிந்தான்.
பெட்ரோல் கேனும் தின்னரும் அதன் பின்னாலேயே போயின.
இடுப்புயரத்துக்குக் கல் மேடை, அதன்மேல் எருமைக்கன்று.
சுவரில் மேலே ஒன்று, கீழே ஒன்று
இரண்டு செங்கலைப் பெயர்த்தான்.
"குளிர் வருமேடா."
"வரட்டும்."

சொல்லிவிட வேண்டும்: அது மெதுவானது.
ஒரு மணி நேரம் ஆகும் ஸ்பேனர் சமாதானமாக.
கரி டப்பாவின் ஆவேசம் அதற்கு வராது.
முதல் நாளே செசிலி
மகளின் ஸ்கூல் சாக்ஸைக் காயப்போட வந்தாள்;
மேலே துணி போடக் கூடாதென்றேன்.
ஏழாயிரம் ரூபாய்க்கு ஒரு சாக்ஸ் காயாதா என்றாள்.
பக்கத்தில் கயிறு கட்டிக் கொடுத்தேன், மூன்றடி தள்ளி.
அவள் அளந்து பார்த்து இரண்டரை என்றாள்.

வெள்ளி இரவு கிளட்ச் ஏறிவிட்டது.
சுவிட்சை அணைத்தேன்.
சூடு இறங்கும்போது விலா எலும்புகள்
ஒவ்வொன்றாய்ச் சொடுக்குப் போட்டன,
உச், உச், உச்.

கைவிளக்கைப் பிடித்தபடி நின்ற செசிலி
என்னைப் பார்க்காமலே
விரல் மடக்கி
ஜீப்பின் மட்கார்டில் மூன்று தரம் தட்டினாள்.