மூன்றாவது மிதி

எண்ணூர் விரைவுச் சாலை, நள்ளிரவு, நூற்றிருபது.
மூன்றாவது முறை மிதித்தபோது
பெடல் ஈரத்துணிபோல் அமுங்கியது.
முன்னால் கன்டெய்னரின் சிவப்பு விளக்கு
பெரிதாகிக்கொண்டே வந்தது.
கியரை இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து
எப்படியோ ஓரத்து மண்ணில் போய் நின்றேன்.
கருகல் வாடை.

தண்டையார்பேட்டை ஷெட்டில் ஜெஸிந்தா
நீலம் பாரித்த டிஸ்க்கைத் தட்டினாள்.
"ஆயில் மாத்தி எத்தினி வருசம்?"
இன்ஜினுக்குக் கொட்டிய காசை
நான் சொல்லத் தொடங்கினேன்.
"தண்ணி குடிச்ச ஆயிலு,
கொதிக்காம இன்னா பண்ணும்?"
டீ நிறத்தில் வடிந்தது பழசு,
குமிழி குமிழியாக.

காற்றோடும் டிஸ்க், சூடு தாங்கும் பேட்,
எஃகு பின்னிய ஹோஸ்.
"பேட் பழகுற வரைக்கும் பொறுமையா ஓட்டு."

மணலி டேங்கர் வரிசையில்
பத்து கிலோமீட்டர் வேகம்.
காரணமில்லாமல் ஒருமுறை மிதிக்கிறேன்.
கல்.
பின்னால் எவனோ
ஹாரனில் என் அம்மாவைத் திட்டுகிறான்.
இன்னொரு முறை மிதிக்கிறேன்.